கச்சான் அடித்தால் கடல் ஏன் சில்லிடுகிறது?

"சித்திரையில் உவரிக் கடலில் இறங்கினால் வெந்நீர் மாதிரி இருக்கிறது. ஆடியில் அதே இடத்தில் கால் வைத்தால் சில்லென்கிறது. குற்றாலத்துச் சாரல் தண்ணீர் தாமிரபரணி வழியாகக் கடலில் கலப்பதாலா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

தாமிரபரணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அருவித் தண்ணீர் சிற்றாற்றில் இறங்கி, சீவலப்பேரிப் பக்கம் பெரிய ஆற்றோடு சேர்ந்து, அணைக்கட்டுகளும் கால்வாய்களும் எடுத்தது போக மிஞ்சியதுதான் புன்னைக்காயலில் கடலைப் பார்க்கிறது. அதற்குள் வெயிலில் காய்ந்து சூடேறிவிடும். உவரியோ அங்கிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. ஆனாலும் கேள்வியில் பாதி உண்மை உண்டு. சாரலைக் கொண்டுவருகிற காற்றேதான் கடலையும் குளிர்விக்கிறது.

வைகாசிக் கடைசியில் தொடங்கும் அந்தத் தென்மேற்குக் காற்றுக்குத்தான் கச்சான் என்று பெயர். அது ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு வேகம் கூடி, முப்பந்தல், பணகுடி, ராதாபுரம் காற்றாலைகளைச் சுழற்றிவிட்டுக் கடலில் இறங்குகிறது. கூட்டப்புளியிலிருந்து இடிந்தகரை, உவரி வழியாக மணப்பாடு வரை கரை வடகிழக்காக ஓடுகிறது. காற்றும் ஏறக்குறைய அதே திசைதான். கச்சானுக்கு முதுகைக் காட்டி நின்றால் இடக்கைப் பக்கம் ஊர், வலக்கைப் பக்கம் கடல். இந்த இடம் வலம் மாறியிருந்தால் ஆடிக் கடல் சில்லிடாது.

பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் நகரும் எதுவும் வலப்பக்கம் ஒதுங்கும். பள்ளிக்கூடத்தில் படித்த கொரியாலிஸ் விளைவுதான். 1893இல் புறப்பட்ட 'ஃப்ராம்' கப்பலில் ஆர்க்டிக் பனியோடு மிதந்த நார்வேக்காரர் நான்சென், பனிப்பாளங்கள் காற்றின் திசையில் போகாமல் 20 முதல் 40 டிகிரி வரை வலப்பக்கம் விலகிப் போவதைக் கவனித்தார். அதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஸ்வீடனின் எக்மன். 1905இல் வெளிவந்த அவர் கட்டுரைதான் இன்றைக்கும் அடிப்படை.

ஒரு வாழையிலைக் கட்டை மேசைமேல் வைத்து மேல் இலையை மட்டும் தள்ளிப் பாருங்கள். அடுத்த இலை கொஞ்சம் இழுபடும், அதற்கடுத்தது அதைவிடக் கொஞ்சம். கடலும் அப்படித்தான். ஆனால் ஒவ்வொரு அடுக்கும் தன்னை இழுத்த மேலடுக்கைவிடச் சற்று வலப்பக்கம் திரும்பிக்கொள்ளும். திரும்பித் திரும்பி, சில பத்து மீட்டர் ஆழத்தில் ஓர் அடுக்கு காற்றுக்கு எதிராகவே மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும்! நிஜக் கடலில் இந்தச் சுருள் இவ்வளவு சுத்தமாக அமைவதில்லை. அலையும், நீவாடு என்கிற நீரோட்டமும் கலைத்துவிடும். ஆனால் சுருள் எப்படிக் கலைந்தாலும் எல்லா அடுக்கின் நகர்வையும் கூட்டினால், விடை காற்றுக்கு 90 டிகிரி வலப்பக்கம். உவரியில் அது வெளிக்கடலை நோக்கிய திசை. மேல்நீர் வெளியே போகிறது. அந்த இடத்தை நிரப்பப் பக்கத்திலிருந்து நீர் வர முடியாது, அங்கே கரை இருக்கிறது. கீழேயிருந்துதான் வர வேண்டும். இதுவே ஆழ்நீர் மேலெழுச்சி.

எவ்வளவு நீர் போகும்? காற்று கடல்பரப்பைத் தேய்க்கும் விசையை, நீரின் அடர்த்தியாலும் கொரியாலிஸ் கெழுவாலும் (அந்த விளைவின் வலுவைச் சொல்லும், அட்சரேகையைப் பொறுத்து மாறும் எண்) வகுக்க வேண்டும். நொடிக்கு 10 மீட்டர் வேகக் காற்று, சதுர மீட்டருக்குச் சுமார் 0.15 நியூட்டன் விசையோடு தேய்க்கும். உவரியின் அட்சரேகை 8.3 டிகிரி. கணக்குப் போட்டால், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நொடிக்கு 7 கன மீட்டர் நீர் வெளியேறுகிறது. மீட்டருக்கு ஒரு சின்னத் தண்ணீர் லாரி, அதுவும் ஒவ்வொரு நொடியும். அதே காற்று 36 டிகிரியிலுள்ள கலிபோர்னியக் கரையில் அடித்தால் 1.7 கன மீட்டர்தான்.

இதில் ஒரு முரண் தெரிகிறதல்லவா? நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் கொரியாலிஸ் விளைவு மெலியும்; மெலிந்த விளைவு எப்படி நான்கு மடங்கு நீரை நகர்த்தும்? சுமை ஒன்றுதான், மாடுதான் வேறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வலுவான மாடு என்றால் ஒரு சோடி போதும். நோஞ்சான் என்றால் நாலு சோடி பூட்ட வேண்டும். காற்றின் தள்ளலை ஈடுகட்ட வேண்டியது நகரும் நீரின் திரும்பும் போக்கு. ஒவ்வொரு லிட்டரும் கொஞ்சமாகத்தான் திரும்புகிறது என்றால், நிறைய லிட்டர் நகர்ந்தாக வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு: பொறுமை. கலிபோர்னியாவில் ஏறத்தாழ 20 மணி நேரத்தில் இந்த ஏற்பாடு நிலைகொள்ளும். உவரியில் அதற்கு 83 மணி நேரம், மூன்றரை நாள் ஆகும். இரண்டு நாள் அடித்து ஓயும் காற்றால் இங்கே பயனில்லை. கச்சானோ மாதக்கணக்கில் விடாமல் அடிக்கிறது.

வெளியேறும் நீருக்கு ஈடான மேலெழுச்சி 100 கிலோமீட்டர் அகலத்தில் பரவினால், நீர் நாளுக்கு 6 மீட்டர்தான் ஏறும். கண்ணுக்குத் தெரியாத வேகம். ஆனாலும் சித்திரையில் 29, 30 டிகிரி இருந்த மேல்நீர் ஆடி ஆவணியில் 26, 27க்கு இறங்க அது போதும். சோதிக்க விரும்புகிறவர்கள் வாளியில் மேல்நீரை மொண்டு, நிழலில் வைத்து, ஒரு நிமிடத்துக்குள் வெப்பமானியைப் பார்த்துவிட வேண்டும். தாமதித்தால் கச்சானே வாளி நீரை ஆவியாக்கிக் குளிர்வித்துப் பொய்க் கணக்குக் காட்டும். கரைப் பக்கம் ஒன்று, 20 கிலோமீட்டர் வெளியே ஒன்று அளந்து, கரைப் பக்கம் குறைவாக இருந்தால் மேலெழுச்சி நடக்கிறது என்று கொள்ளலாம்.

ஏறிவரும் நீரில் நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட் நிறைந்திருக்கும். மேலிருந்து செத்து விழுந்தவை ஆழத்தில் மக்கியதால் சேர்ந்த உரம் அது. வெளிச்சம் பட்டதும் டையாட்டம் என்ற நுண்பாசி நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரு வாரத்தில் ஒன்று 128 ஆகும். எனவே மிகக் குளிர்ந்த, தெளிந்த நீரில் மீன் இருக்காது. அது இப்போதுதான் ஏறிய நீர். சாளையும் நெத்திலியும் கூடுவது நிறம் மாறிப் பச்சை தட்டும் ஓரத்தில். பெரு, கலிபோர்னியா, நமீபியா, மொராக்கோ கரைகளில் இப்படி மேலெழும் பகுதிகள் உலகக் கடல்பரப்பில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். ஆனால் உலகக் கடல்மீன் பிடிப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது.

கெடுதலும் உண்டு. அந்த மக்கல் ஆழத்து நீரின் ஆக்சிஜனைத் தின்றிருக்கும். அது கரைவரை ஏறினால் மீன் மூச்சுத் திணறும். 1999இல் இந்தியாவின் மேற்குக் கரையோரத்தில் ஆக்சிஜன் அறவே தீர்ந்து, ஹைட்ரஜன் சல்ஃபைடே உண்டானது. கடல் குளிர்ந்தது, மீன் ஒதுங்கியது, சுனாமி வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே அழித்துவிடலாம். நிலநடுக்கம் கடல்நீரைக் குளிர வைத்து முன்னறிவிப்புக் கொடுப்பதில்லை.

ஹைதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனம் செயற்கைக்கோள் வழியாகக் கடலின் வெப்பத்தையும் பச்சையத்தையும் பார்த்து, மீன் கூடும் இடங்களை அறிவிக்கிறது. நல்ல வேலை. ஆனால் மேகத்தை அந்தக் கண்கள் ஊடுருவா. நுண்ணலைக் கண் ஊடுருவும், ஆனால் கரையை ஒட்டிய பகுதியை அதனால் சரியாகப் பார்க்க முடியாது. ஆக, மேலெழுச்சி உச்சத்தில் இருக்கும் ஆடி மாதத்தில்தான் பார்வை மங்குகிறது. கூத்தென்குழிக்கும் மணப்பாட்டுக்கும் எதிரே வெப்பமானிகளைக் கயிற்றில் வரிசையாகக் கோத்து மிதவையில் தொங்கவிட, ஒரு செயற்கைக்கோளின் செலவில் சிறு துளி போதும். கவர்ச்சியில்லாத கருவிக்குக் காசு கேட்டால் கோப்பு நகராது என்பதுதான் நம் ஆராய்ச்சி நிதியின் பழைய நோய்.

ஐப்பசிக்குப் பிறகு வாடை வடகிழக்கிலிருந்து வரும். இப்போது காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் வலக்கைப் பக்கம் ஊர். மேல்நீர் கரையை நோக்கி வந்து குவிந்து, போக இடமின்றிக் கீழே அமுங்கும். உரமும் குளிரும் மறுபடி ஆழத்துக்கே போய்விடும்.