மெதுவாகப் போகிறவர் முந்தும் நாள்

"இன்ஜின் கிடையாது, இறக்கையும் வெறும் துணி. காற்று தள்ளுகிற பக்கம் போவதைத் தவிர பாராகிளைடரில் என்ன பந்தயம் நடத்திவிட முடியும்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். காற்றை எதிர்த்தும் போக முடியும் என்பதால்தான் பந்தயமே நடக்கிறது. வானிலை மோசமாகும்போது அதற்குள் இருக்கும் கணக்கு இன்னும் அழகாகிறது.

அடிப்படை எளிது. வெயிலில் சூடான தரை காற்றைச் சூடாக்கும்; அந்தக் காற்று மேலே எழும். அதுதான் தெர்மல். பைலட் அதற்குள் வட்டமடித்து ஏறுவார், அங்கிருந்து அடுத்த தெர்மல் வரை சறுக்கிப் போவார். ஏற்றத்தின் வேகத்தை வேரியோமீட்டர் ஒலியால் சொல்லும். டர்ன்பாயிண்ட்களை, அதாவது பந்தயப் பாதையில் குறித்துவைத்த புள்ளிகளை, வரிசையாகத் தொட்டாரா என்பதை ஜிபிஎஸ் பதிவு சொல்லும்.

சுவாரசியம் இரண்டு தெர்மல்களுக்கு நடுவே இருக்கிறது. அந்த இடைவெளியை எவ்வளவு வேகத்தில் கடப்பது? பைலட் காலால் ஸ்பீடு பாரை மிதித்தால் இறக்கையின் முன்பக்கக் கயிறுகள் கீழே இழுபட்டு, அது காற்றைச் சந்திக்கும் கோணம் குறையும். வேகம் கூடும், இறக்கமும் கூடும். ஒரு பந்தய இறக்கை மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 1.1 மீட்டர் இறங்குகிறது, 55 கி.மீ. வேகத்தில் 2 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தெர்மல் 10 கி.மீ. தள்ளி இருக்கிறது. மெதுவாகப் போகிறவருக்கு 15 நிமிடம் ஆகும், 990 மீட்டர் உயரம் போகும். வேகமாகப் போகிறவர் 11 நிமிடத்துக்குள் போய்ச் சேர்வார், ஆனால் சுமார் 1,310 மீட்டர் இழந்திருப்பார். அதாவது 320 மீட்டர் உயரத்தைக் கொடுத்து 4 நிமிடம் வாங்கியிருக்கிறார்.

இது லாபமா, நஷ்டமா? அதைத் தீர்மானிப்பது இனிமேல் கிடைக்கப்போகிற தெர்மல். அது விநாடிக்கு 3 மீட்டர் தூக்கினால், இழந்த 320 மீட்டரை இரண்டு நிமிடத்துக்குள் மீட்டுவிடலாம். வேகமாக வந்தவருக்கே லாபம். மேகம் மூடி, தெர்மல் அரை மீட்டர்தான் தூக்குகிறது என்றால் அதே 320 மீட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். மிச்சம் பிடித்த 4 நிமிடம் போக, கூடுதலாக ஆறு நிமிடத்துக்கு மேல் போய்விடும். இந்த இறக்கைக்கு இரண்டும் சமமாகும் புள்ளி விநாடிக்கு 1.3 மீட்டர். எவ்வளவு வேகமாகப் பறப்பது என்பதை, இன்னும் போய்ச் சேராத தெர்மல் முடிவுசெய்கிறது! இன்ஜின் இல்லாத விமானமான கிளைடரின் விமானிகளுக்காக இந்தக் கணக்கை வேரியோமீட்டர் மேல் திருப்பும் ஒரு வளையமாக்கித் தந்தவர், 1956-ல் உலக கிளைடர் சாம்பியனான அமெரிக்கர் பால் மெக்ரெடி. மனிதன் மிதித்தே பறந்த காஸமர் காண்டர் விமானத்தை 1977-ல் பறக்கவைத்தவரும் அவர்தான்.

எதிர்க்காற்று வந்தால் கணக்கு மறுபடி புரளும். 25 கி.மீ. எதிர்க்காற்றில், 40-ல் பறக்கிறவர் இழக்கும் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் தரையில் 3.8 மீட்டர்தான் முன்னேறுவார். 55-ல் பறக்கிறவர் 4.2 மீட்டர். இங்கே மிதிப்பதுதான் சரி. வட்டமடிக்கும்போதோ காற்று பைலட்டையும் தெர்மலையும் சேர்த்தே பின்னால் அடித்துச்செல்லும். விநாடிக்கு ஒரு மீட்டர் ஏற்றத்தில் பத்து நிமிடம் சுற்றினால் 600 மீட்டர் உயரம் சேரும், ஆனால் 4 கி.மீ.க்கு மேல் பின்னால் போயிருப்பார். அந்த 600 மீட்டரைச் செலவழித்து முன்னேற முடிவது இரண்டரை கி.மீ.தான். இப்படிப்பட்ட நாளில் விநாடிக்கு 1.7 மீட்டருக்குக் குறைவான ஏற்றத்தில் சுற்றுவது, உயரம் கூடினாலும், பின்னடைவுதான். தரையிறங்கும் அபாயம் இருந்தால் மட்டும் அதையும் பிடித்துக்கொள்ள வேண்டும். இதை 'அதிர்ஷ்டமில்லாத நாள்' என்று சொல்லிக் கடந்துபோவதில் எனக்கு உடன்பாடில்லை. பெருக்கல், வகுத்தலில் பிடிபடுகிற விஷயத்தை ராசியின் தலையில் கட்ட வேண்டாம்.

ஸ்பீடு பாருக்கு ஒரு விலை உண்டு. கோணம் குறைந்த இறக்கையை மேலிருந்து ஒரு கீழ்க்காற்று அடித்தால் முன்விளிம்பு ஒரு பக்கம் மடிந்துவிடலாம். உடனே பாரிலிருந்து காலை எடுக்க வேண்டும். பிறகு இறக்கை மடியாமல் திறந்திருக்கும் பக்கமாக உடலைச் சாய்த்து, அந்தப் பக்க பிரேக் கயிற்றை அளவாகப் பிடித்துத் திசையைக் காப்பாற்ற வேண்டும். மடிந்த பக்கத்தைத் திறப்பது அதற்கப்புறம். பதறிப்போய் பிரேக்கை ஆழமாக இழுத்தால் பறந்துகொண்டிருக்கும் பாதியும் ஸ்டால் ஆகிவிடும், அதாவது தூக்கும் விசையை இழந்துவிடும். மலையின் காற்று மறைவுப் பக்கத்தில் இது அதிகம் நடக்கும்.

எல்லாவற்றையும்விட ஆபத்து, அளவுக்கு மீறி வளரும் மேகம். ஏறும் வறண்ட காற்று கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும். மேகத்துக்குள் நீராவி துளியாக மாறும்போது வெப்பத்தை வெளிவிடுவதால் குளிர்ச்சி 5, 6 டிகிரியாகக் குறைகிறது. சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாகவே இருப்பதால் அது மேலும் வேகமாக ஏறும், கீழிருந்து இன்னும் காற்றை உறிஞ்சும். அதிலிருந்து தப்ப பைலட் இறக்கையின் ஓரங்களை மடித்தால் விநாடிக்கு மூன்று மீட்டர் அளவில்தான் இறங்கலாம். சுழன்று இறங்கும் ஸ்பைரல் 10 மீட்டரைத் தாண்டும், ஆனால் இடிமேகத்தின் ஏற்றம் 20 மீட்டரையும் தாண்டக்கூடியது. 2007 பிப்ரவரி 14 அன்று ஆஸ்திரேலியாவின் மனில்லா அருகே ஜெர்மன் அணியின் எவா விஸ்னியர்ஸ்காவை ஓர் இடிமேகம் 9,946 மீட்டர் வரை இழுத்துச் சென்றது. நினைவிழந்து, உடலெங்கும் பனி உறைந்த நிலையிலும் உயிர் பிழைத்தார். அதே மேகத்தில் சிக்கிய சீனாவின் ஹே ஜோங்பின் பிழைக்கவில்லை.

மேகம் இப்படி வளருமா என்பதை முன்கூட்டிச் சொல்வது உயரத்துக்கு உயரம் வெப்பத்தையும் ஈரத்தையும் அளக்கும் வானிலை பலூன். உலகெங்கும் பெரும்பாலும் நாளுக்கு இரண்டு முறைதான் அது விடப்படுகிறது. அதற்கு இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வானம் கறுத்தால் நடத்துநர்கள் ரேடியோவில் பந்தயத்தை நிறுத்துவார்கள். மதிப்பெண், அறிவிப்பு வந்த நொடியில் யார் எங்கே இருந்தார் என்பதற்கு அல்ல. அதற்குச் சில நிமிடங்கள் முன்பு எங்கே இருந்தார் என்பதற்கே. அறிவிப்பு வரப்போகிறது என்று ஊகித்து மேகத்தின் அடியில் கடைசி நிமிடம் வரை ஓடுகிறவருக்கு அந்த ஓட்டத்தால் ஒரு புள்ளிகூடக் கூடாது.