உள்ளே யாரும் இல்லாத பிரமிடுகள்

பிரமிடு என்றால் உள்ளே ஓர் அரசன் படுத்திருப்பான் என்பது நம் எண்ணம். தெற்கே எலிபன்டைன் தீவு முதல் வடக்கே ஃபையூம் ஓரத்துச் செய்லா வரை, எகிப்தில் ஏழு குட்டிப் படிப் பிரமிடுகள் இருக்கின்றன. அவற்றுக்குள் அறையும் இல்லை, வழியும் இல்லை. முழுக்கக் கல்தான்.

பெரும்பாலானவற்றின் அடிப்பக்கம் 18 மீட்டர் அளவே. கீசாவின் பெரிய பிரமிடுக்கு அது 230 மீட்டர்! கட்டிய விதம் எளிது. நடுவில் கற்களைத் தூண்போல அடுக்கி எழுப்பி, அதைச் சுற்றிச் சற்றுத் தாழ்வாக ஒரு சுவர், அதற்கும் வெளியே இன்னும் தாழ்வாக இன்னொன்று. மூன்று படி வந்துவிடும். சுவர்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் பாரம் நடுவை நோக்கி அழுந்தும். கல் அந்தந்த ஊர்க் கல்: எட்ஃபுவில் மணற்கல், எலிபன்டைனில் கிரானைட். அபிடோஸ் அருகே சின்கியில், கல் ஏற்றப் போட்ட சாய்தளங்களைக்கூட அகற்றாமலே விட்டிருக்கிறார்கள்.

கல்லறை இல்லையென்றால் எதற்கு இவ்வளவு உழைப்பு?

துப்பு எலிபன்டைனில் கிடைத்தது. 1909இல் அங்கே அகப்பட்ட கிரானைட் கூம்பு ஒன்றில், ஏறத்தாழ 4600 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட ஹூனியின் பெயரோடு ஓர் அரண்மனையின் பெயரும் இருந்தது. பிரமிடுக்குப் பக்கத்திலேயே நிர்வாகக் கட்டடமும் இருந்திருக்கிறது. மாகாணங்களில் தானியமும் பிற பொருள்களும் வரியாகச் சேர்ந்த இடங்களில் அரசனின் அடையாளமாக இவை நின்றன என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. தலைநகர் மெம்ஃபிஸில் இருக்கும் அரசனை எட்ஃபு உழவன் எங்கே பார்க்கப் போகிறான்? அவனுக்குத் தெரிந்த அரசன் இந்தக் கல்மேடுதான். வெறும் மிரட்டலும் அல்ல. எட்ஃபு பிரமிடின் கிழக்குப் பக்கம் உணவுப் படையல் வைத்த தடயம் உண்டு. வரி வாங்கிய இடத்திலேயே வழிபாடும்.

எல்லாமே ஹூனி கட்டியவை என்று சொல்லிவிட முடியாது. செய்லாவில் 1987இல் கிடைத்த கல்வெட்டுப் பலகை, அடுத்து வந்த ஸ்னெஃப்ருவின் பெயரைத் தாங்கியிருந்தது. அதே ஸ்னெஃப்ருதான் பிறகு தாஷூரில் ராட்சதப் பிரமிடுகளை எழுப்பினான். ஆளும் கல்லும் அங்கே குவிந்தன. மாகாணப் பிரமிடுகள் நின்றுபோயின.

எட்ஃபுவில் படையலும் நின்றது. நெடுங்காலம் கழித்து அந்தப் பிரமிடின் அடிவாரத்தில் சிலரைப் புதைத்திருக்கிறார்கள். அரசர்களை அல்ல, குழந்தைகளை.