பேக்கப்பிலிருந்து மீட்கும் அதிகாரம் யாருக்கு?

டர்பனில் சில அலுவலகங்களின் யூனிக்ஸ் சர்வர்களைப் பராமரித்து வருகிறேன். சென்ற மாதம் ஓர் அலுவலகத்தில், வேலையை விட்டுச் சென்றவரின் கோப்புகள் உடனே தேவை என்று மேலாளர் கேட்க, உதவியாளர் அவற்றைப் பேக்கப் எனும் காப்பு நகலிலிருந்து பொது ஃபோல்டரில் மீட்டு வைத்தார். திறக்கவில்லை என்றதும் அனைவருக்கும் படிக்கும் அனுமதியையும் கொடுத்துவிட்டார். அவற்றுள் சம்பளப் பட்டியலும் ஒருவருடைய மருத்துவச் சான்றிதழும் இருந்தன. இவ்வாண்டில் நான் காணும் மூன்றாவது நிகழ்வு இது.

"மீட்பது வெறும் நகலெடுப்பதுதானே" என்ற எண்ணமே இதற்கு வேர். அது நகலெடுப்பதன்று. எல்லோருடைய கோப்புகளையும் படிக்க வேண்டியிருப்பதால் பேக்கப் நிரல் ரூட் அதிகாரத்துடன், அதாவது சர்வர் முழுவதையும் ஆளும் பயனரின் அதிகாரத்துடன், ஓடுகிறது. எனவே, மறையாக்கம் செய்யப்படாத பேக்கப் தொகுப்பைப் படிக்க முடிந்தவருக்குச் சர்வரில் போட்ட எந்த அனுமதிப் பூட்டும் தடையாகாது. கோப்புகளைத் தொகுக்கவும் பிரிக்கவும் உதவும் டார் கட்டளையை ரூட்டாக ஓட்டி மீட்டால் பழைய உரிமையும் அனுமதிகளும் அப்படியே திரும்பும். சாதாரணப் பயனராக ஓட்டினாலோ பிறருடைய கோப்பு ஓட்டியவருக்கே உரியதாகிவிடும். குறிப்பிட்ட கட்டளைகளை மட்டும் ரூட்டாக ஓட்ட ஒருவருக்கு அனுமதி தரும் சூடோவில் "டார் மட்டும்" என்று எழுதிக்கொடுப்பதும் காப்பாகாது. டாரின் ஒரு வகையான குனு டாரில், வேலையின் இடையிடையே ஒரு செயலைச் செய்யவைக்கும் செக்பாயிண்ட் வசதியைக் கொண்டு வேறெந்தக் கட்டளையையும் ஓட்டலாம் என்பதால், அது ரூட் பாஸ்வேர்டையே கொடுத்ததற்குச் சமம். விலகியவரின் யூஐடி எண்ணை, அதாவது சர்வர் பயனரை அடையாளம் காணும் எண்ணை, புதியவருக்குக் கொடுத்திருந்தால், எண்ணின்படி மீட்கப்படும் பழைய கோப்புகள் அவருடையவையாகும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அலுவலகத்துக்குள்தானே பார்த்தார்கள் என்று சமாதானம் சொல்லாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2013ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு தகவலைக் காக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மீது வைக்கிறது. உரிமையற்ற ஒருவர் அதைப் பார்த்தார் என்று கருத நியாயமான காரணம் இருந்தால், ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்க வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. சக ஊழியரும் உரிமையற்றவராக இருக்கலாம்.

தம் கோப்பைத் தாமே மீட்க வழி செய்யுங்கள். இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு நேரத்தில் கோப்புகள் இருந்த நிலையின் மாறாத பதிவு, இதற்கு ஏற்றது. ஆனால் அதில் பழைய அனுமதிகளே நிற்கும். நேற்றுத் திறந்திருந்த கோப்பை இன்று பூட்டினாலும் நேற்றைய ஸ்னாப்ஷாட்டில் அது திறந்தே இருக்கும். பிறர் கோப்பு என்றால், அத்தகவலுக்குப் பொறுப்பானவர் எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும். கட்டளையை ஓட்டுபவரும் ஒப்புதல் தருபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. பயனர் எழுதக்கூடிய ஃபோல்டரில் ரூட்டாக நேரடியாக மீட்காதீர்கள். அங்கே அவர் வைத்திருக்கும் குறியீட்டு இணைப்பு (வேறோர் இடத்தைச் சுட்டும் கோப்பு) உங்கள் கோப்பை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விடலாம். ரூட் மட்டுமே நுழையும் இடத்தில் மீட்டு, கேட்ட கோப்பை மட்டும் கொடுத்து, எஞ்சியவற்றை அன்றே அழித்து, யார் கேட்டார், யார் ஒப்பினார் என்று பதிவு செய்யுங்கள்.

இப்பணியிலுள்ள இளைஞர்களை வேண்டிக்கொள்கிறேன்: மேலாளர் தொலைபேசியில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், ஒப்புதல் கடிதம் வரும்வரை அந்தக் கட்டளையை ஓட்டாதீர்கள்.