சிரிப்புப் பயமா, எள்ளலச்சமா?

உளவியல் பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் ஜெலோட்டோஃபோபியாவுக்கு ‘சிரிப்புப் பயம்’ என்று எழுதுவதை இனியாவது விட்டுவிடலாம். சிரிப்பைக் கண்டு எவரும் பயப்படுவதில்லை. தன்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார்களோ என்பதுதான் பயம்.

சொல்லின் பிறப்பு எளியது. கிரேக்கத்தில் கெலோஸ் சிரிப்பு, ஃபோபோஸ் அச்சம். ஜெர்மன் உளச்சிகிச்சையாளர் மிஷாயேல் டிட்ஸே 1990களில் இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 2008இல் வில்லிபால்ட் ரூக், ரெனே ப்ரோயர் இருவரும் 15 கூற்றுகள் கொண்ட அளவுகோலை ஆய்வுக்குக் கொண்டுவந்தனர். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண்; சராசரி 2.5 எட்டினால் அச்சம் இருப்பதாகக் கணக்கு. எதிரில் யாரோ சிரித்தாலே சந்தேகம் வருகிறதா என்கிற மாதிரியான கூற்றுகள்.

பகுதிக்குப் பகுதி பெயர்த்தால் ‘சிரிப்புப் பயம்’ சரிதானே என்பார்கள். இதே குடும்பத்தில் ஜெலோட்டோஃபீலியா என்று இன்னொரு சொல் உண்டு; பிறர் தன்னைப் பார்த்துச் சிரிப்பதில் மகிழ்வது. அதையும் அப்படியே பெயர்த்தால் ‘சிரிப்பு விருப்பம்’. அது யாருக்குத்தான் இல்லை? ‘ஊர் சிரிக்கும்’ என்று சொல்கிறோமே என்றால், அங்கே இகழ்ச்சியைச் சுமப்பது ‘ஊர்’. அதை எடுத்துவிட்டால் சிரிப்பு வெறும் சிரிப்புதான்.

தூய தமிழில் எழுதுவதாக நினைத்து ‘நகையச்சம்’ என்பவர்கள் இன்னும் மோசம். பவுன் விற்கிற விலையில் நகையச்சம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. சிரிப்பு என்ற பழைய பொருளில் எடுத்தாலும் நிற்காது. ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’ என்று நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது தொல்காப்பியம். குழந்தையின் மழலைக்குச் சிரிப்பதும் நகைதான். அதற்கு யார் அஞ்சுகிறார்கள்? அஞ்சுவது அந்த நான்கில் முதலாவதான எள்ளலுக்கு, அதாவது இகழ்ந்து சிரிப்பதற்கு. ‘உருவுகண்டு எள்ளாமை வேண்டும்’ என்ற குறளிலும் அதே சொல். இவ்வளவு துல்லியமான சொல் கையில் இருக்கும்போது வேறு எதைத் தேடுகிறார்கள்? எள்ளலச்சம். பிறரை எள்ளி மகிழும் கட்டஜெலாஸ்டிசிசத்துக்கும் ‘எள்ளுவகை’ (எள்ளும் உவகை) என்று அதே வேரில் கிடைத்துவிடுகிறது.

‘கேலியச்சம்’ பரவாயில்லையே என்று கேட்கலாம். வடசொல் என்பதற்காக அதைத் தள்ளவில்லை. நம் உறவுமுறையில் கேலி ஓர் உரிமை. மச்சானும் அத்தை மகளும் கேலி பேசாவிட்டால்தான் ‘என்ன கோபம்?’ என்று கேட்பார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கல்லூரிப் பெண் ஒரு படம் போடுகிறாள். மச்சான் அதன் கீழே கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகத்தை வைக்கிறான். நேரில் என்றால் குரலும் கண்ணும் அது முறைக்கேலி என்று காட்டிக்கொடுத்திருக்கும். திரையில் அந்த முகம் மட்டும்தான். எள்ளலச்சம் உள்ளவளுக்கு அது இன்ஸ்டாகிராமில் முன்பின் தெரியாதவர்கள் வரிசையாக வைத்துவிட்டுப் போன அதே முகம். கேலியையும் எள்ளலையும் பிரித்தறிய முடியாமல் போவதே இந்த அச்சத்தின் கூறு. அதற்குக் கேலியின் பெயரையே வைத்தால், பிரிக்க வேண்டிய இரண்டையும் நாமே கலந்துவிடுகிறோம்.

இதே கட்டுரைகளில் இன்னொரு பிழை, இணையத்தில் ஒருவரை விடாமல் எள்ளி வதைக்கும் சைபர் புல்லியிங்குக்கு ‘இணைய மிரட்டல்’ என்று எழுதுவது. மிரட்டுகிறவன் ஒன்றைக் கேட்கிறான்: பணம் கொடு, இல்லையென்றால் படத்தை வெளியிடுவேன். எள்ளுகிறவன் எதுவும் கேட்பதில்லை. உதவி அறிவிப்பில் ‘மிரட்டலா? அழையுங்கள்’ என்று அச்சடித்தால், ஆறு மாதமாக ட்ரோல் செய்யப்படுகிறவள் ‘என்னை யாரும் மிரட்டவில்லையே’ என்று கடந்துபோய்விடுவாள். ஈழத்தமிழில் ராகிங்குக்குப் ‘பகிடிவதை’ என்ற சொல் எப்போதோ நிலைத்துவிட்டது. இலங்கையில் 1998இல் அதற்கு எதிராகத் தனிச்சட்டமே வந்தது. மலேசியத் தமிழ் நாளிதழ்கள் புல்லியிங்கைப் ‘பகடிவதை’ என்றே எழுதுகின்றன. பகடியும் வதையும் ஒரே சொல்லில் இருக்கிறது. முன்னால் ‘இணைய’ சேர்த்தால் போதும். கடல் கடந்து வந்த சொல் என்பதாலோ என்னவோ, இங்குள்ள மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணில் அது படுவதில்லை.

எழுதும்போது ஒன்று: எள்ளல் + அச்சம் = எள்ளலச்சம். இடம் மிச்சம் பிடிக்க ‘எள்ளச்சம்’ என்று சுருக்கினால், எள்ளுருண்டையைக் கண்டு ஓடுகிறவனைப் பற்றி எழுதியதாகிவிடும்.