ஃபோரென்சிக் சைக்கியாட்ரி: தமிழில் என்ன சொல்வது?

குற்றம் சாட்டப்பட்டவரின் மனநிலையை ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தருவதும், காவலில் இருக்கும் மனநோயாளிக்குச் சிகிச்சை அளிப்பதும் ஃபோரென்சிக் சைக்கியாட்ரி என்னும் மருத்துவப் பிரிவின் வேலை. மலாய் மொழியிலும் ஏறக்குறைய இதே பெயர்தான். தமிழில் எழுதும்போது அது 'தடயவியல் மனநல மருத்துவம்' ஆகிவிடுகிறது. பிழையான பெயர், குடும்பங்களுக்குக் கெடுதல் செய்யும் பெயரும்கூட.

தடயம் என்றால் கைரேகை, ரத்தக்கறை, போலீஸ் தேடுவது. தடயவியல் டாக்டர் பார்க்க வருகிறார் என்றால், மகனுக்கு எதிராக ஏதோ திரட்டுகிறார்கள் என்று பெற்றோர் அஞ்சுவதில் வியப்பில்லை. "அவனுக்கு ஒன்றுமில்லை ஐயா, நல்ல பிள்ளை" என்று பழைய நோயையும் பாதியில் நிறுத்திய மாத்திரையையும் மறைத்துவிடுவார்கள். டாக்டருக்கு வேண்டியதோ அந்தப் பழைய கதைதான்.

லத்தீனில் 'ஃபோரம்' என்பது ஊர்ப் பொதுத்திடல். ரோமில் சந்தையும் அங்கே, வழக்கும் அங்கே. அதிலிருந்து பிறந்த 'ஃபோரென்சிஸ்' என்பதற்கு மன்றத்தைச் சார்ந்தது என்பதே பொருள். 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்துக்குப் போனபோது கைரேகையும் ரசாயனமும் அதில் இல்லை. நீதிமன்றத்துக்கு உதவும் அறிவியல் என்ற வகையில் பின்னால் வந்து சேர்ந்தவை அவை. தமிழில் 'மன்று' என்ற சொல்லின் வரலாறும் இதேதான்: ஊரார் கூடும் பொதுவிடம், வழக்கு உரைக்கும் இடம். இன்று கெஞ்சுதல் என்று நாம் கொள்ளும் மன்றாடுதலுக்கு, மன்றில் வழக்காடுதல் என்ற பொருளும் உண்டு. சைக்கியாட்ரி கிரேக்க வேர்களைக் கொண்டது. உள்ளம், மருத்துவர் என்னும் இரு சொற்களை இணைத்து ஜெர்மானிய மருத்துவர் யோகான் கிறிஸ்தியான் ரைல் 1808இல் ஆக்கினார்.

ஆகவே 'நீதிமன்ற மனநல மருத்துவம்' என்பதே சரி. 'நீதிசார் உளமருத்துவம்' இன்னும் செறிவானது. ஆனால் கோலாலம்பூரின் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் கலங்கி நிற்கும் ஒரு தாய்க்கு முதல் பெயர்தான் கேட்டவுடன் விளங்கும்.

இந்த மருத்துவத்திடம் நீதிமன்றம் கேட்பவை இரண்டு. இன்று இவரால் வழக்கைப் புரிந்துகொண்டு எதிர்வாதம் செய்ய முடியுமா? இது மலேசியக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 342ஆம் பிரிவு. ஐயம் எழுந்தால் நீதிமன்றம் அவரை ஒரு மாதம் வரை மனநல மருத்துவமனையில் கண்காணிப்பில் வைக்க உத்தரவிடலாம். அன்று, அந்தச் செயலின்போது, தான் செய்வது என்ன, அது தவறா என்று அறியும் நிலையில் இருந்தாரா? இது தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவு. மருந்தால் தெளிந்து இன்று நிதானமாகப் பேசுபவர், அன்று கடும் நோயில் இருந்திருக்கலாம். முன்பே சிகிச்சை பெற்றதற்கான சான்று இந்த இரண்டாம் கேள்விக்குத்தான் மிகவும் உதவுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 84ஆம் பிரிவின்கீழ் விடுதலையானவர் நேரே வீட்டுக்குப் போவதில்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 348ஆம் பிரிவின்படி பாதுகாப்பான காவலில் வைக்கப்படுவார். மனநல மருத்துவமனையில் அது எத்தனை நாள் என்பதற்கு முன்கூட்டியே கணக்கில்லை.

கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் இப்படி அனுப்பப்படும் இடம் பேராக்கில் உள்ள உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. 1911இல் தொடங்கியது. அது இருக்கும் தஞ்சோங் ரம்புத்தானின் பெயரை நம்மவர்கள் வசையாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே சிகிச்சை பெற்ற ஒருவரின் தங்கை அதைக் கேட்க நேர்வதை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது, விட்டுவிடுவோம்.

உங்கள் வீட்டில் ஒருவர் கைதானால், அவருடைய கிளினிக் அட்டை, மருந்துச் சீட்டு, எப்போது எந்த மருத்துவமனையில் சேர்த்தீர்கள் என்ற விவரம் ஆகியவற்றை வழக்கறிஞரிடம் முதல் நாளிலேயே கொடுங்கள். நீதிமன்ற மனநல மருத்துவரின் அறிக்கை வேண்டுமென்று மனுச் செய்ய முடியுமா என்றும் அப்போதே கேளுங்கள்.