2147483647 ஏன் எதாலயும் வகுபட மாட்டேங்குது?

போன வாரம் இங்க டர்பன்ல, சாட்ஸ்வொர்த்ல அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன், அவ பையன் போனைத் தூக்கிட்டு ஓடி வந்து "மாமா, எவ்ளோ ஆடினாலும் காயின் இதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது"ன்னான். ஸ்கிரீனைப் பாத்தா 2147483647. எனக்கு ரொம்பப் பிடிச்ச எண்ணு, ஏன்னா அது ஒரு பகா எண்.

கோயில் விளக்கு பூஜைல 12 விளக்குன்னா மூணு வரிசை, நாலு வரிசைன்னு சமமா வெச்சிடலாம். 31 இருந்தா எப்படிப் புரட்டினாலும் ஒரே நீள வரிசைதான், அதான் பகா எண். 2-ஐ 31 தடவை பெருக்கி ஒண்ணு கழிச்சா வர்றதுதான் அவன் போன்ல நின்ன எண்ணு.

கம்ப்யூட்டர் ஒரு எண்ணை 32 பிட்ல, அதாவது 0 இல்லேன்னா 1 மட்டும் போடுற 32 கட்டத்துல, வெக்கும்போது ஒரு பிட் பிளஸ்ஸா மைனஸான்னு சொல்றதுக்குப் போயிடும், மீதி 31 பிட்டும் 1 ஆயிட்டா இடம் ஃபுல். 1970 ஜனவரி 1-லேர்ந்து விநாடியை இப்படி எண்ணிட்டு வர்ற பழைய சிஸ்டத்துக்கெல்லாம் 2038 ஜனவரி 19, நம்ம டர்பன் டைம் காலைல 5:14:07-க்கு இதே நிலைமைதான். ஆனா பகா எண்ணுங்கிறதுக்காக யாரும் இதைத் தேர்ந்தெடுக்கல, அது தானா அமைஞ்சது. 64 பிட்ல வர்ற உச்ச எண்ணு, அதாவது 2-ஐ 63 தடவை பெருக்கி ஒண்ணு கழிச்சது, 7-ஆல வகுபட்டுடும், ஏன்னா 63 மூணால வகுபடும், 7-ங்கிறது 2-ஐ மூணு தடவை பெருக்கி ஒண்ணு கழிச்சது. 2-ஐ எத்தனை தடவை பெருக்குறோமோ அந்த எண்ணு காரணியா உடைஞ்சா மொத்தமும் உடையும். சரி, அது பகா எண்ணா இருந்தா போதுமான்னா, அதுவும் போதாது! 11 பகா எண்தான், ஆனா 2-ஐ 11 தடவை பெருக்கி ஒண்ணு கழிச்சா வர்ற 2047-ஐப் பாருங்க, 23 பெருக்கல் 89.

அப்போ 31-க்கு எப்படி நிச்சயமா சொல்றது? 46340 வரைக்கும் எதாலயும் வகுபடலன்னு காட்டினா போதும், அதுக்கு மேல வர்ற காரணிக்கு ஜோடி கீழதான் இருந்தாகணும். 1772-ல ஆய்லர்ங்கிற கணித மேதை இதை முடிச்சுட்டார், அப்போ அவருக்குக் கண்ணு கிட்டத்தட்ட தெரியாது. அத்தனை எண்ணையும் அவர் வகுக்கல. இதுக்கு ஒரு பகாக் காரணி இருந்தா அதை 248-ஆல வகுத்தா மீதி 1 இல்லேன்னா 63 தான் வரணும், வேற வரவே முடியாது. 46340-க்குள்ள அப்படி நானூறு எண்ணுகூட இல்ல, அதுலயும் பகா எண்ணை மட்டும் பாத்தா போதும். எனக்கு இந்த இடம்தான் உயிர், மலையா நிக்கிற வேலையை ஒரு மனுஷன் யோசிச்சே கைப்பிடி அளவாக்கிட்டார்.

இப்போ தெரிஞ்ச மிகப் பெரிய பகா எண்ணும் இதே குடும்பம்தான், 2-ஐ 136279841 தடவை பெருக்கி ஒண்ணு கழிக்கணும், 2024 அக்டோபர்ல கண்டுபிடிச்சாங்க, 4 கோடியே 10 லட்சத்துக்கு மேல இலக்கம்.

பையன்கிட்ட நோட்டைக் குடுத்து, ஆய்லர் பாத்த மாதிரி எண்ணுல முதல் பகா எண்ணான 311-ஆல வகுக்கச் சொன்னேன், மீதி 35 வந்துச்சு. அடுத்தது 1303. "கால்குலேட்டர் வேணாம் மாமா"ன்னு கீழ உக்காந்து போட்டான், மீதி 226.