விரலில் ஊசி ஏறினால் இ.எஸ்.ஐ.யில் என்ன கிடைக்கும்?

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் கார்மெண்ட்ஸிலும் ஷூ கம்பெனியிலும் தைக்கும் பெண்களுக்கு விரலில் ஊசி ஏறுவது புதிதல்ல. கட்டுப் போட்டு, டி.டி. ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்புவார்கள். மறுநாள் விரல் வீங்கி லீவு எடுத்தால் சம்பளம் பிடித்துவிடுவார்கள். பலரும் அதை நம் தலையெழுத்து என்று விட்டுவிடுகிறோம். அப்படி விட வேண்டியதில்லை. வேலை நேரத்தில் மெஷினில் பட்ட காயம் வேலை விபத்து, அதற்கு இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசுக் காப்பீடு பணம் தரும்.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இ.எஸ்.ஐ. உண்டு. சம்பளத்தில் உங்கள் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி பங்கு 3.25 சதவீதம். கான்ட்ராக்டில் சேர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும்.

விபத்துக்கும் சாதாரண நோய்க்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். காய்ச்சல் என்று லீவு எடுத்தால் தினக்கூலியில் 70 சதவீதம்தான் வரும்; அதற்கும் ஆறு மாதக் கணக்கில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலை விபத்து என்றால் 90 சதவீதம். சந்தா நாள் கணக்கே கிடையாது, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. விபத்து நடந்த நாளைத் தவிர்த்துக் குறைந்தது மூன்று நாளாவது வேலை செய்ய முடியாத நிலை இருக்க வேண்டும், அவ்வளவுதான். தினக்கூலி 400 ரூபாய் என்றால், ஐந்து நாள் ஓய்வுக்குச் சுமார் 1,800 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். விரல் நிரந்தரமாக மடங்காமல் போனால் மருத்துவக் குழு பார்த்து, இழப்புக்கு ஏற்ப மாதாமாதம் தொகை தர வழி இருக்கிறது.

இதெல்லாம் கிடைக்க, விபத்து எழுத்தில் பதிவாகியிருக்க வேண்டும். ஏற்றுமதி கம்பெனிகளில் ஊசி உடைந்தால் ஒவ்வொரு துண்டையும் தேடி எடுத்து நோட்டில் ஒட்டிய பிறகுதான் புது ஊசி தருவார்கள். துணியில் இரும்பு போகக்கூடாது என்ற அக்கறை அது. அந்த ஊசி குத்திய விரலுக்கும் விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி எழுதியாக வேண்டும், இது சட்டம். சூப்பர்வைசரிடம் வாயால் சொன்னாலும் போதும், உங்களுக்காகப் பக்கத்து மெஷின்காரரும் சொல்லலாம். ஆனால் தேதி, நேரம், மெஷின், எந்த விரல் என்று எழுதினார்களா என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் அன்றைக்கே இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்குப் போய், "வேலையில் ஊசி ஏறிவிட்டது" என்றே டாக்டரிடம் சொல்லிச் சான்றிதழ் வாங்குங்கள். கம்பெனிக்குச் சங்கடம் என்று "வீட்டில் பட்டது" எனச் சொல்லிவிட்டால், பிறகு மாற்றுவது பெரும்பாடு. ஓய்வு எழுதிய நாளில் வேலைக்குப் போனால் அந்த நாளுக்குப் பணம் வராது.

கம்பெனி வேனில் வரும்போது வழியில் அடிபட்டாலும், அது வேலைக்கான பயணம்தான் என்று காட்ட முடிந்தால், இதே உரிமை உண்டு. குடியாத்தம், வாலாஜா என்று தூரத்திலிருந்து வருகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

கம்பெனி பதிவு செய்ய மறுத்தால், சான்றிதழ், சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. எண் மூன்றையும் எடுத்துக்கொண்டு நீங்களே இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் கேட்டு வாங்குங்கள்.